வெண்ணெய் நாட்டின் மரணக் கணக்கு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது நாம் முதலில் கேட்டு வாங்கும் புத்தகங்களுள் அங்கத்தினர் பதிவேடும் ஒன்று. அங்கத்தினர் நீங்கியதன் காரணத்தை எழுதுவதற்கு அதில் ஓர் இடம் உண்டு. ராஜிநாமா, நீக்கம், மரணம் என்ற மூன்றில் ஒன்று அங்கே காணப்படும். சில மாதங்களுக்கு முன் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் அப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வந்தபோது, மரணம் என்ற சொல்லுக்கு எதிரே இருந்த வயதுகள் நம் கையை நிறுத்தின. 48, 51, 43 என்று எழுதியிருந்தது. காரியதரிசியைக் கேட்டோம். "மாரடைப்புங்க" என்றார். மூன்றுக்கும் அதே விடை. அவர்களுள் இளையவர் தறிக்குழியில் அமர்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். பாதி நெய்த சேலையை அவருடைய தம்பி வந்து முடித்துச் சங்கத்தில் ஒப்படைத்திருக்கிறார். கடன் பாக்கியை இரண்டு ஜாமீன்தாரர்கள் தவணையாகச் செலுத்தி வருகிறார்கள்.

நாம் அன்று வருகைக் குறிப்பில் பாக்கித் தொகையைப் பற்றி ஒரு வரி எழுதினோம். வயதைப் பற்றி எழுதவில்லை. அதற்கான பத்தி எமது படிவத்தில் இல்லை. ஆயினும் அந்த மூன்று எண்கள் பஸ்ஸில் திரும்பி வருகையில் நம்மோடு வந்தன. இக்கட்டுரை அதன் விளைவு.

மாரடைப்பால் ஒருவர் இறந்தால் அதை விதி என்கிறோம். ஒரு ஜில்லாவில் நடுவயது ஆண்கள் ஆண்டுதோறும் அதே நோயால் கூட்டங்கூட்டமாக இறந்தால் அதையும் விதி என்று விடுவதா? இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, அதற்கு விடையும் கண்ட ஓர் இடம் உலகில் உண்டு. பின்லாந்து தேசத்தின் கிழக்குக் கோடியில், ருஷ்ய எல்லையை ஒட்டிய வட கரேலியா என்னும் மாகாணம் அது. அதன் வரலாற்றில் கூட்டுறவாளர்களாகிய நமக்குச் சற்றுச் சங்கடமான செய்தியும் இருக்கிறது. ஆகவே அதை மறைக்காமல் சொல்லத் துணிகிறோம்.

பின்லாந்து கூட்டுறவு இயக்கத்துக்குப் பெயர் பெற்ற நாடு. ஹன்னெஸ் கெப்ஹார்ட் என்ற பேராசிரியர் முன்னின்று பெல்லெர்வோ சங்கத்தை நிறுவியது 1899-இல். அந்நாட்டின் கூட்டுறவுச் சட்டம் வந்தது 1901-இல்; நமது நாட்டின் முதற் சட்டம் அதற்கு மூன்று ஆண்டுகள் பிந்தியது. சிறு விவசாயிகளின் பால் சங்கங்கள் ஒன்றுகூடி 1905-இல் வாலியோ என்ற மத்திய ஸ்தாபனத்தை அமைத்தன. வெண்ணெயை நல்ல தரத்தில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதே அதன் முதல் நோக்கம். அதன் பரிசோதனைச் சாலைக்குத் தலைவராயிருந்த விர்த்தனென் என்னும் ரசாயன விஞ்ஞானி, பசுந்தீவனத்தைக் குளிர்காலம் முழுவதும் கெடாமல் காக்கும் முறையைக் கண்டு, 1945-இல் நோபெல் பரிசு பெற்றார். கூட்டுறவுச் சங்கங்களின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் நோபெல் பரிசுக்கு உயர்ந்தது நாம் யாவரும் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சி.

இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் கரேலியாவின் ஒரு பகுதி ருஷ்யாவின் வசமாயிற்று. அங்கிருந்து வெளியேறியவர்களுக்கும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. காட்டைத் திருத்திய அந்நிலத்தில், அக்குளிரில், நெல்லும் வராது, தோட்டப் பயிரும் எளிதில் வராது. புல் வரும். புல் வந்தால் மாடு வரும். பாலும் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் குடியானவனுடைய உணவாயின. காலையில் மரம் வெட்டச் செல்பவன் ரொட்டியின்மீது வெண்ணெயைக் கனமாகத் தடவிக்கொண்டான். உணவைக் காக்க உப்பு தாராளமாக இடப்பட்டது. யுத்தகளத்தில் பழகிய சிகரெட்டு ஊருக்கும் கூடவே வந்தது. பல தலைமுறை வறுமைக்குப் பின் கிடைத்த கொழுத்த உணவு அது. அதை நல்வாழ்வின் அடையாளமாக அவர்கள் கருதியதில் பிழை காண நமக்கு மனம் வரவில்லை. பசித்திருந்தவன் வீட்டில் நெய் மணப்பதை யார் குறை சொல்வது?

ஆனால் நாடிகள் கணக்கு வைத்திருந்தன. இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகும்போது, இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளின் உட்சுவரில் அது சிறிது சிறிதாகப் படிகிறது. புகையும் இரத்த அழுத்தமும் அச்சுவரைப் புண்படுத்தி அப்படிவை விரைவுபடுத்துகின்றன. ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. அதற்கப்பால் உள்ள தசை மடிகிறது. இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி நடக்கும் வேலை ஒரு நாழிகையில் வெளிப்படுகிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஆன்ஸெல் கீஸ் 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆராய்ச்சி, 40 முதல் 59 வயது வரையுள்ள ஆண்களைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஜப்பான், கிரீஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா, நெதர்லாந்து, அமெரிக்கா, பின்லாந்து ஆகியவை அந்த ஏழு. இருதய நாடி நோயில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது கிழக்குப் பின்லாந்து. மிகவும் கீழே இருந்தவற்றுள் ஒன்று கிரேக்கர்களின் கிரீட் தீவு. கிரீட்டில் கொழுப்பே உண்பதில்லை என்று எண்ணிவிடவேண்டாம்; அங்கே ஆலிவ் எண்ணெய் தாராளமாகப் புழங்கியது. ஆகவே உண்ணும் கொழுப்பின் அளவைவிட அதன் வகையே பெரிதென்று தெரிந்தது.

செய்தி வெளிவந்தபின் வட கரேலியர் செய்த காரியத்தை நாம் மிகவும் மதிக்கிறோம். டாக்டர்கள் வருவதற்குக் காத்திராமல், 1971-ஆம் வருஷத் தொடக்கத்தில், மாகாண ஆளுநரும் சட்டசபை அங்கத்தினர்களும் உள்ளூர்ச் சங்கங்களின் பிரதிநிதிகளுமாகச் சேர்ந்து கையொப்பமிட்டுத் தேசிய அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். எங்கள் ஆண்கள் இறக்கிறார்கள், ஏதேனும் செய்யுங்கள் என்பதே அதன் சாரம். வீட்டுக்கு வீடு விதவைகள் இருந்த ஊர்களிலிருந்து எழுந்த விண்ணப்பம் அது.

மறுவருஷம், 1972-இல், வேலை தொடங்கியது. தலைமை ஏற்றவர் பெக்கா புஸ்கா என்ற டாக்டர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மாகாணத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 1,80,000. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்துக் குவோப்பியோ மாகாணத்தையும் அளந்து வைத்துக்கொண்டார்கள். கணக்குப் பார்ப்பவர்கள் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆரம்ப இருப்பை எழுதாமல் இலாபம் சொல்லும் சங்கங்களை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம்.

புஸ்காவும் அவருடைய தோழர்களும் வந்த முடிவு எளியது. நோய் வந்தவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மரணம் குறையாது. மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள சிலரைப் பொறுக்கி எடுத்துப் புத்தி சொன்னாலும் போதாது. ஏனெனில் சாகிறவர்களில் பெரும்பாலோர் நடுத்தர ஆபத்தில் உள்ள சாதாரண ஜனங்களே. ஊர் முழுவதும் சிறிது மாறவேண்டும். எல்லோருடைய கொலஸ்டிராலும் கொஞ்சம் இறங்கவேண்டும்.

ஊரை எப்படி மாற்றுவது? துண்டுப் பிரசுரத்தால் ஆகாதென்று அவர்கள் விரைவில் உணர்ந்தார்கள். சுற்றறிக்கை அனுப்பியே பொழுது போக்கும் உத்தியோகத்தில் உள்ள நமக்கு இது புதிய செய்தியன்று. அவர்கள் ஏற்கெனவே ஊரில் இருந்த ஸ்தாபனங்களைத் தேடினார்கள். மார்த்தா என்னும் மாதர் சங்கம் 1899 முதல் அந்நாட்டில் வீட்டுப் பொருளாதாரம் கற்பித்து வந்தது. அம்மாதர்கள் ஊர்ப் பொதுக்கூடங்களில் 'நீண்ட ஆயுள் விருந்து' என்று மாலை விருந்துகள் நடத்தினார்கள். கரேலியர்கள் விரும்பி உண்ணும் இறைச்சிக் குழம்பையே, கொழுப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்துப் பரிமாறினார்கள். சுவை கெடவில்லை என்பதை வீட்டுக்காரர்கள் நாவாலேயே அறிந்தார்கள். பிரசங்கம் அதற்குப் பின்தான், அதுவும் சுருக்கமாக. ஊரில் நாலுபேர் மதிக்கும் ஆண்களும் பெண்களுமாக எண்ணூறுக்கு மேற்பட்டவர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தார்கள். கடைக்காரர்களோடு பேசினார்கள். கொத்திறைச்சிக் குழல் தயாரிப்பவர்களிடம் கொழுப்பின் ஒரு பகுதியைக் காளானால் ஈடுசெய்யுமாறு கேட்டார்கள். பிற்காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் கொலஸ்டிரால் போட்டியும் நடந்தது. தொடக்கத்தில் ஊரார் இரத்தத்தை அளந்து, இரண்டு மாதங்கழித்து மீண்டும் அளந்து, அதிகம் இறங்கிய ஊருக்குப் பரிசு. அதே 1972-இல் வந்த மக்கள் ஆரோக்கியச் சட்டத்தின்கீழ் புதிய சுகாதார நிலையங்கள் எழுந்தன. அவற்றின் நர்ஸுகள் இரத்த அழுத்தக்காரர்களைப் பதிவேட்டில் ஏற்றி, வராதவர்களை அழைத்து வந்தார்கள்.

இனிச் சங்கடமான பகுதி. வெண்ணெயைக் குறையுங்கள் என்று சொன்னவுடன் பால் துறையினர் கொதித்தெழுந்தார்கள். வெண்ணெயே உத்தமம் என்று விளம்பரங்கள் பறந்தன. அவர்கள் கெட்டவர்களா? நாம் அப்படி நினைக்கவில்லை. மாட்டை வைத்துப் பிழைக்கும் குடியானவன், தன் சங்கத்துக்கு ஊற்றிய பாலின் கொழுப்பை அளந்து கூலி பெறுகிறவன். அவனிடம் போய் உன் கொழுப்பு கொல்கிறது என்றால் அவன் காதில் விழுவது உன் பிழைப்பு போகட்டும் என்பதே. கோபம் இயல்பு. ஆனால் கரேலியக் குடியானவன் பால் விற்பவன் மட்டுமல்லன், வெண்ணெய் தின்பவனும் அவனே. அவன் மனைவிதான் விதவையாகிறாள். உற்பத்தியாளன் நலனும் உண்பவன் நலனும் மோதுகின்றன என்று பொருளாதார நூல்கள் சொல்லும். இங்கே இரண்டு நலன்களும் ஒரே மனிதனுக்குள் மோதின. சங்கம் யார் பக்கம் நிற்பது?

இதைத் தீர்த்த விதம்தான் நம் கருத்தில் இவ்வரலாற்றின் உயிர். குடியானவனை எதிர்த்து நில்லாமல் அவனுக்கு வேறு வழி தேடினார்கள். அக்குளிரில் காய்கறி வராது. ஆனால் கருந்திராட்சைப் புதரும் ஸ்டிராபெர்ரியும் நன்றாக வரும். 1985 முதல் 1990 வரை, அரசாங்கத்தின் உதவியோடு, பெர்ரி பயிரிடுவதற்கும் விற்பதற்கும் தனித் திட்டம் நடந்தது. பாலை விட்டுப் பலர் அப்பயிருக்கு மாறினர். அந்நாட்டில் தாவர எண்ணெய்க்கு உள்நாட்டு மூலம் குறைவாயிருந்தது. வடதேசத்துக் குறுகிய கோடையில் முற்றக்கூடிய ரேப் விதை வகையை உருவாக்கினார்கள். கடுகின் இனத்தைச் சேர்ந்த அச்செடியின் எண்ணெய், ரொட்டிக்குத் தடவும் பண்டங்களிலும் அடுப்பிலும் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. வெண்ணெயோடு தாவர எண்ணெயைக் கலக்கலாகாதென்று இருந்த சட்டத் தடையும் பின்னர் நீங்கிற்று. பாலுக்கு விலை வைக்கும் முறையே மாறி, கொழுப்புக்கு இருந்த முதன்மை புரதத்துக்குச் சென்றது. பால் சங்கங்களும் தங்கள் பங்குக்குக் கொழுப்புக் குறைந்த பாலையும் தயிரையும் விற்கத் தொடங்கின. பால் துறை அழிந்துவிடவில்லை. எந்தக் கூட்டத்தில் எத்தனை நாற்காலிகள் உடைந்தனவோ, அதுபற்றிப் புத்தகங்கள் பேசவில்லை.

புகையிலைக்கு இவ்வளவு நயம் காட்டவில்லை. 1976-இல் இயற்றிய சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது. பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்தியது. வரியில் ஒரு சிறு பங்கைப் புகை ஒழிப்புக்கே ஒதுக்கியது.

விளைவைக் கணக்கால் சொல்வோம். முன்னதாக ஒரு வார்த்தை. நூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தின் தவணை தவறிய கடனையும் ஆயிரம் அங்கத்தினர் உள்ள சங்கத்தினுடையதையும் ரூபாய்க் கணக்கில் ஒப்பிடுவது அநியாயம், சதவிகிதத்தில் ஒப்பிடவேண்டும். அதுபோலவே முதியவர்கள் மிகுந்த ஊரையும் இளைஞர்கள் மிகுந்த ஊரையும் சாவின் எண்ணிக்கையில் ஒப்பிடலாகாது. வயதுகளைச் சமன்செய்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று காணவேண்டும். அவ்வாறு கண்டதில், வட கரேலியாவில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில், 1969–71 வாக்கில் ஆண்டுக்கு லட்சத்தில் ஏறக்குறைய 700 பேர் இருதய நாடி நோயால் இறந்தார்கள். 2006-இல் அது 100-ஐ ஒட்டி வந்துவிட்டது. 85 சதவிகித வீழ்ச்சி. அதே காலத்தில் ஆண்களில் புகைப்போர் 52 சதவிகிதத்திலிருந்து 31-க்கு இறங்கினர். 1972-இல் பத்தில் ஒன்பது பேர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். இந்நூற்றாண்டில் அவர்கள் மிகச் சிறு பகுதியினர். பின்லாந்தில் 1970 வாக்கில் ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 66 வருஷம்; இன்று 78-க்கு மேல்.

இவ்வளவும் திட்டத்தின் பயன்தானா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்பது நியாயமே. ஒப்பிட வைத்திருந்த குவோப்பியோவிலும் மரணம் இறங்கியது. நாடு முழுவதும் 80 சதவிகிதம் இறங்கியது. அமெரிக்காவிலும் 1960-களின் இறுதியிலிருந்தே இந்நோயின் மரணம் குறையலாயிற்று. வட கரேலியாவில் நடந்தது தொலைக்காட்சி வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் நாடெங்கும் பரவியதால், ஒப்பிடுவதற்கென்று தனியே நின்ற இடம் மிஞ்சவில்லை. ஆகவே திட்டத்துக்கு இத்தனை, காலத்தின் போக்குக்கு இத்தனை என்று காசு பிசகாமல் பிரிக்க இயலாது. ஆனால் வேறொரு பிரிவினை இயலும். 1982 முதல் 1997 வரை பின்லாந்தில் குறைந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள், சிகிச்சையின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று என்றும், பாதிக்கு மேற்பட்டது கொலஸ்டிரால், புகை, இரத்த அழுத்தம் ஆகியவை குறைந்ததன் பயன் என்றும் கண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் சிகிச்சையின் பங்கு இன்னும் சிறிது. ஆஸ்பத்திரியைவிட அடுப்பங்கரை அதிகம் பேரைக் காத்தது.

குறைகளும் உண்டு. பெண்களிடையே புகைக்கும் பழக்கம் 1972-இல் 10 சதவிகிதமாக இருந்தது, 2007-இல் 18 ஆயிற்று. மாவுப் பண்டத்தை விட்டுக் கொழுப்பை உண்க என்ற புதிய நாகரிகம் பரவியதும் வெண்ணெய் மீண்டும் மேஜைக்கு வந்தது. பல பத்தாண்டுகளாக இறங்கிவந்த கொலஸ்டிரால் 2012 ஆய்வில் சற்று ஏறியிருக்கக் கண்டார்கள். ஒருமுறை வசூலித்த பாக்கி மறுபடி விழாது என்று எந்தச் சங்கமும் உறுதி சொல்ல முடியாதல்லவா?

இங்கே நமது அங்கத்தினர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். நம் வீட்டில் வெண்ணெய் எங்கே இருக்கிறது, இது சீமான்களின் வியாதியன்றோ என்பது அது. அப்படி இருந்த காலம் போயிற்று. இந்தியாவில் நிகழும் மரணங்களில் இருதய, இரத்தக்குழாய் நோய்களின் பங்கு 1990-இல் 15 சதவிகிதமாக இருந்தது. 2016-இல் 28 சதவிகிதம். உலகின் பல நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியில், தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டியது. ஆறு வருஷம் முந்துகிறோம். நாம் கண்ட பதிவேட்டின் வயதுகள் அச்சங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

நமக்கும் ஒரு வெண்ணெய் உண்டு. தென்னை வளர்க்கும் அன்பர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம், ஆயினும் சொல்லவேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு உறைகொழுப்பு வகை. பாமாயிலில் பாதியை ஒட்டியது. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒன்றை ஒட்டியது; நல்லெண்ணெயில் அதைவிடக் குறைவு. நியாயவிலைக் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தரவேண்டும் என்று விவசாயிகள் கேட்கும்போது, விலை வீழ்ந்து கிடக்கும் அவர்களுடைய வேதனை நமக்குப் புரிகிறது. அதற்கு ஆதரவாக நாமும் ஒரு காலத்தில் பேசியதுண்டு. இப்போது கடலையும் எள்ளும் முதலில் வரட்டும் என்போம். தென்னைக்கு இளநீர், கயிறு, நீரா என்று வேறு வழிகளைச் சங்கங்கள் முனைந்து திறக்கவேண்டும். விளைபொருளின் விலை விழுமுன்பே அந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதற்காகவே கரேலியாவின் பெர்ரித் தோட்டங்களை இவ்வளவு நேரம் சுற்றிக் காட்டினோம்.

நெசவாளர் சங்கங்களுக்கு இதைவிடச் சிறிய யோசனை ஒன்று. கூலி நாளன்று அங்கத்தினர் யாவரும் சங்கத்துக்கு வருகிறார்கள். அந்நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸை அழைத்து, பாவு கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு, நாற்பது கடந்த ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கலாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மருந்து வீட்டுக்கே வருகிறது. இன்னாருக்குத் தேவை என்று தெரியாமல் எப்படி வரும்? சங்க வாசலில் பீடி பிடிப்பதில்லை என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போடலாம். தலைவர் முதலில் அணைத்தால் மற்றவர்களும் அணைப்பார்கள். மகாசபைக் கூட்டத்தன்று வடைக்கும் போண்டாவுக்கும் பதில் சுண்டல் வைக்கலாம். இதைச் சொன்னபோது ஒரு சங்கத் தலைவர், "வடை இல்லேன்னா கோரம் சேராதுங்களே" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பாதி வடை, பாதி சுண்டல் என்று சமாதானம் செய்துகொண்டோம்.

மேலே கூறிய சங்கத்துக்கு அடுத்த மாதம் மீண்டும் செல்லவேண்டியிருக்கிறது. வருகைக் குறிப்பில் இம்முறை அங்கத்தினர் பதிவேட்டின் வயதுகளையும் எழுதப்போகிறோம். படிவத்தில் இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுவோம்.